நடு அச்சில் அரண்மனை, பக்கங்களில் அருங்காட்சியகம்: பெய்ஜிங் கூகோங்கைப் பார்க்கும் முறை

பெய்ஜிங்கின் ‘தடைசெய்யப்பட்ட நகர’த்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: இவ்வளவு பெரிய அரண்மனை, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. தெற்கு வாசலில் நுழைந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஆறு மண்டபங்களைக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, கடைசியில் இருக்கும் தோட்டத்தைக் கடந்து இரண்டு மணி நேரத்தில் வடக்கு வாசலில் வெளியேறியவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர்கள் பார்த்தது அரண்மனையை. அருங்காட்சியகம் இருப்பது அந்த நேர்கோட்டுக்கு இரு பக்கமும். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தின் நடுவே நடந்து வந்தும் அதைப் பார்க்காமல் போவது எப்படி என்பதற்குக் கட்டடத்திலும் காரணம் இருக்கிறது, 20ஆம் நூற்றாண்டு வரலாற்றிலும் இருக்கிறது. இரண்டும் தெரிந்தால் ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது தானே விளங்கும்.

சீனர்கள் இந்த இடத்தைக் கூகோங் என்கிறார்கள். மிங் வம்சத்தின் யோங்லே பேரரசர் 1406இல் கட்ட ஆணையிட்டார். 1420இல் முடிந்தது. (கடற்படைத் தளபதி ஜெங் ஹேயை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியவரும் இவரே. இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கும் 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டு, சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழிலும் பேசுவது, இவருடைய பெயரில் வெட்டப்பட்டதுதான். அதன் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினாருக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது.) அதன்பின் மிங் வம்சத்தில் 14 பேரும் சிங் வம்சத்தில் 10 பேருமாக 24 பேரரசர்கள் இங்கே இருந்து ஆண்டார்கள்.

வடக்கு தெற்காக 961 மீட்டர், கிழக்கு மேற்காக 753 மீட்டர், மொத்தம் 72 ஹெக்டேர். சுற்றிலும் 10 மீட்டர் உயர மதில், அதற்கு வெளியே 52 மீட்டர் அகல அகழி. 9,999 அறைகள் உண்டு என்பது வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் கணக்கு. 1970களில் எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது 8,707. அதுவும் நாம் நினைக்கும் அறையல்ல. நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தை ஒன்றாக எண்ணுவது சீன மரபு, நம் பழைய வீடுகளில் அங்கணம் என்று சொல்வதைப் போல. நடு அச்சின் முதல் கூடமான தைஹே மண்டபம் ஒன்றே அந்தக் கணக்கில் 55.

இரண்டு தவணையில் வந்த அருங்காட்சியகம்

1912 பிப்ரவரியில் முடியாட்சி ஒழிந்தது. ஆறு வயதுப் பேரரசர் புயி பதவி துறந்தார், ஆனால் வீட்டைக் காலி செய்யவில்லை. குடியரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அரண்மனையின் வடபாதியான உள்ளரங்கில் அவர் தொடர்ந்து வாழ்ந்தார். தென்பாதியான வெளியரங்கு அரசின் கைக்குப் போனது. அங்கே 1914இல் தொல்பொருள் காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. ஆக, பத்தாண்டுகளுக்கு ஒரே மதிலுக்குள் தெற்கே சீட்டு வாங்கிய மக்களும் வடக்கே முடியிழந்த பேரரசரும் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் புயி சைக்கிள் ஓட்டப் பழகினார், வழியை மறித்த வாசற்படிக் கட்டைகளை அறுத்தெடுக்கச் சொன்னார். உள்ளரங்கில் சில வாசல்களின் கீழே கட்டை இல்லாமல் இருப்பது அதனால்தான்.

1924 நவம்பர் 5 அன்று படைத்தலைவர் ஃபெங் யூசியாங் அவரை வெளியேற்றினார். உடனே ஒரு குழு அமைத்து ஒவ்வொரு மாளிகையாகப் பொருள்களைப் பட்டியலிட்டார்கள். 1925 அக்டோபர் 10 அன்று உள்ளரங்கு ‘அரண்மனை அருங்காட்சியகம்’ என்ற பெயரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்த பழைய காட்சிக்கூடம் இதனுடன் இணைந்தது 1948இல்.

இடையில் நடந்ததுதான் இன்றும் பார்வையாளரைத் தொடும் சேதி. ஜப்பானியப் படை வட சீனத்தை நெருங்கியபோது, 1933 பிப்ரவரி முதல் இந்த அருங்காட்சியகத்தின் தேர்ந்த பொருள்கள் 13,427 பெட்டிகளில் ரயிலேறின. ஷாங்காய், நான்ஜிங், பிறகு போர் மூண்டதும் மூன்று வழிகளாக மேற்கு மலைப்பகுதிகளுக்கு. போர் முடிந்து நான்ஜிங் திரும்பியவற்றில் 2,972 பெட்டிகளை 1948–49இல் தேசியவாத அரசு தைவானுக்குக் கப்பலேற்றியது. எண்ணிக்கையில் கால் பங்குக்கும் குறைவுதான். ஆனால் பொறுக்கியெடுத்த பெட்டிகள். தைபேயில் 1965இல் திறந்த தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் அடித்தளம் அவை. முட்டைக்கோஸ் வடிவப் பச்சைக்கல்லையும் இறைச்சித் துண்டு போன்ற கல்லையும் தேடிக்கொண்டு பெய்ஜிங்குக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். இரண்டும் தைபேயில் இருக்கின்றன.

வெளியே போனது ஒரு பக்கம். உள்ளே இருப்பதும் நடு அச்சில் ஏன் இல்லை? அந்தக் கூடங்கள் எதையும் வைப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தைஹே மண்டபத்தைப் புத்தாண்டு, மிகக் குறுகிய பகல் நாள், பேரரசரின் பிறந்தநாள், முடிசூட்டு, திருமணம் என ஆண்டில் சில நாள்தான் திறந்தார்கள். ஓர் அரியணை, சில தூபக்கால்கள், அவ்வளவே அதன் தளவாடம். அன்றும் அது ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது.

சீட்டு வாங்குவதில் தொடங்கி

2012 அக்டோபர் 2 அன்று ஒரே நாளில் 1,82,000 பேர் உள்ளே வந்தார்கள். அதன் விளைவுதான் இன்றைய கட்டுப்பாடுகள். 2015இல் நாளொன்றுக்கு 80,000 என்று வரம்பு வைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு அது மேலும் இறங்கியது. வாசலில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கலாம் என்று போகிறவர்கள் அகழியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

முன்பதிவு ஏழு நாள் முன்னதாக, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது மாலை 5.30. சிங்கப்பூர், மலேசியாவில் அதே 8 மணி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், நவம்பர் முதல் மார்ச் வரை 40 யுவான். கருவூலக் காட்சிக்கும் கடிகாரக் காட்சிக்கும் தனித்தனியே 10 யுவான். இந்த இரண்டையும் பதிவின்போதே சேர்த்துவிடுவது நல்லது. திங்கட்கிழமை விடுமுறை, அரசு விடுமுறை நாளில் வரும் திங்களைத் தவிர. கோடைப் பருவத்தில் காலை 8.30க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள், கடைசி நுழைவு 4 மணி. குளிர் பருவத்தில் மூடுவதும் கடைசி நுழைவும் அரை மணி முன்னால். காலைச் சீட்டு, பிற்பகல் சீட்டு என்று பிரிவு உண்டு. காலைச் சீட்டை எடுத்துவிட்டுப் பிற்பகலில் போய் நின்றால் தகராறுதான்.

காகிதச் சீட்டு கிடையாது. கடவுச்சீட்டு எண்தான் சீட்டு. ஆகவே பதிவில் ஓர் எழுத்து மாறினாலும், பழைய கடவுச்சீட்டின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் புதியதோடு போனாலும் வாசலில் இயந்திரம் திறக்காது. அசல்தான் வேண்டும், கைபேசியில் உள்ள படம் போதாது. நம் கடவுச்சீட்டுகளில் முதற்பெயர், குடும்பப்பெயர்க் கட்டங்கள் ஒன்று காலியாக இருப்பது வழக்கம். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவது பாதுகாப்பானது.

நுழைவு தெற்கே வூமென் வாசலில் மட்டும். 2011 முதல் இது ஒருவழிப் பாதை. வாடகைக் கார் ஓட்டுநர் வடக்கே ஷென்வூமென் வாசலில் இறக்கிவிட்டால், மதிலையும் அகழியையும் சுற்றிக்கொண்டு தெற்கே வர அரை மணிக்குக் குறையாது. சுரங்க ரயில் முதல் தடத்தில் தியானன்மென் கிழக்கு நிலையத்தில் இறங்கினால் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, தியானன்மென் வாசல், துவான்மென் வாசல் இரண்டையும் கடந்து வூமெனுக்கு வரவேண்டும். கூட்ட நாளில் சோதனை வரிசை மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். கிழக்கே தோங்ஹுவாமென் பக்கமிருந்து மதிலோரமாக நடந்து வந்தால் பெரும்பாலும் நெரிசல் குறைவு. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தியானன்மென் சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு வேண்டும். அரண்மனைச் சீட்டு அங்கே செல்லாது. தீப்பெட்டியும் லைட்டரும் சோதனையில் போய்விடும். மரக் கட்டடங்களின் வரலாறு தெரிந்தவர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

நடு அச்சைப் படிப்பது

இந்த அரண்மனையில் ஒவ்வொரு கட்டடத்தின் தகுதியும் வெளியிலேயே எழுதியிருக்கிறது. மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது கூரையின் மூலை விளிம்பு. அங்கே வரிசையாகச் சிறு விலங்குகள் அமர்ந்திருக்கும். முன்னால் பறவைமேல் ஏறியிருக்கும் மனிதனையும் கடைசியில் இருக்கும் பெரிய கொம்புத் தலையையும் விட்டுவிட்டு எண்ணவேண்டும். தைஹே மண்டபத்தில் 10. சீனம் முழுவதிலும் இத்தனை விலங்குகளுடன் தலைசிறந்த இடத்தில் இருக்கும் மண்டபம் இதுதான். வெளியரங்கின் கடைசி மண்டபமான பாவ்ஹேயிலும் பேரரசரின் ச்சியென்சிங் மாளிகையிலும் 9. பேரரசியின் குன்னிங் மாளிகையில் 7. சின்ன வாசல்களில் 3, 1 வரை இறங்கும். இரண்டாவது கூரையின் வடிவம். நாற்புறமும் சரியும் கூரை இரண்டடுக்காக இருந்தால் அதுதான் உச்சம். முக்கோண முகப்பு வைத்த கூரை அதற்கு ஒரு படி கீழே. மூன்றாவது கதவின் குமிழ் ஆணிகள். 9 வரிசையில் ஒன்பது ஒன்பதாக 81 இருப்பது முறை. கிழக்கு வாசலான தோங்ஹுவாமெனில் மட்டும் 72. காரணம் பலவிதமாகச் சொல்வார்கள். இறந்த பேரரசரின் உடல் அவ்வழியே போனது என்பது அவற்றில் ஒன்று.

வூமென் வாசலுக்கு முன்னால் நின்றால் மூன்று வழிகள் தெரியும், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஐந்து. நடுவழி பேரரசருக்கு மட்டும் உரியது. திருமண நாளில் பேரரசி ஒரு முறை அதன் வழியே நுழையலாம். அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்கள் ஒரு முறை அதன் வழியே வெளியேறலாம். நாடகங்களில் “வூமெனுக்கு வெளியே இழுத்துப்போய்த் தலையை வெட்டு” என்று வரும். இங்கே தலை வெட்டுவது வழக்கமில்லை, அதற்கு நகருக்குள் சந்தைத் திடல்கள் இருந்தன. மிங் காலத்தில் அதிகாரிகளுக்குப் பிரம்படி கொடுத்தது இங்கே. 1524இல் பேரரசரின் தந்தைக்கு என்ன பட்டம் தருவது என்ற சடங்குச் சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் அடிபட்டு, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

தைஹே மண்டபம் நிற்கும் மூன்றடுக்கு வெண்கல் மேடை 8.13 மீட்டர் உயரம். மேடையோடு சேர்த்து மண்டபம் 35.05 மீட்டர். மேடையின் விளிம்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் 1,142 விலங்குத் தலைகளும் மழைநீர்த் தூம்புகள். அரண்மனைத் தரை வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 2 மீட்டர் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில் ஓடும் தண்ணீர் தெற்கே உள்ள வளைந்த பொன்னாற்றில் விழுந்து அகழிக்குப் போகிறது. பெய்ஜிங் தெருக்கள் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கும் நாளிலும் இங்கே தேங்காதது இந்த ஏற்பாட்டினால்தான். மழை பெய்யும் நாளில் சீட்டு கிடைத்திருந்தால் வருந்த வேண்டாம், தூம்புகள் வேலை செய்வதைப் பார்க்கலாம்.

இப்போது நிற்கும் தைஹே மண்டபம் யோங்லே கட்டியது அல்ல. அவர் கட்டியது 1421இல், திறந்து சில மாதங்களிலேயே, இடி விழுந்து எரிந்தது. திரும்பக் கட்டியது 1557இல் எரிந்தது, மறுபடியும் 1597இல், மறுபடியும் 1679இல். இன்றைய கட்டடம் காங்ஸி பேரரசர் காலத்தில் 1695–97இல் எழுந்தது. மிங் காலத் தூண்கள் தென்மேற்கு மலைக்காடுகளின் நன்மு மரம். சிங் காலத்தில் அவ்வளவு பெரிய நன்மு கிடைக்கவில்லை, வடகிழக்கிலிருந்து பைன் வந்தது. மொத்தம் 72 தூண்கள். தரையில் பதித்த ‘பொன் செங்கல்’ சுஜோவிலிருந்து ஆற்றுவழி வந்தது. களிமண்ணைச் சலித்துப் பதப்படுத்தி, சூளையில் 130 நாள் போலச் சுட்டு, பதித்தபின் துங் எண்ணெய் ஊட்டியது. பொன் எதுவும் அதில் இல்லை. தட்டினால் உலோக ஓசை கேட்கும்.

மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். நடுக்கதவில் எப்போதும் ஐந்து வரிசைத் தலைகள். பக்கக் கதவுகளுக்குப் போனால் கோணல் பார்வைதான் கிடைக்கும், ஆனால் பொன் பூசிய ஆறு நாகத் தூண்களும் மேலே கூரைக் குழிவில் முத்தைக் கவ்விய நாகமும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அரியணைக்கு ஒரு கதை உண்டு. குடியரசின் தலைவராக இருந்து 1915இல் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்ட யுவான் ஷிகாய், பழைய அரியணையை அகற்றிவிட்டு மேல்நாட்டு மோஸ்தரில் உயர்ந்த முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட நாற்காலி ஒன்றைப் போட்டார். சில மாதங்களில் அவர் ஆட்சியே போய்விட்டது, நாற்காலி பல ஆண்டுகள் கிடந்தது. பழைய அரியணை 1959இல் உடைந்த தட்டுமுட்டுகளோடு கிடங்கில் அகப்பட்டது. பழைய புகைப்படத்தையும் ஓவியத்தையும் வைத்து அடையாளம் கண்டு 1964இல் செப்பனிட்டு முடித்தார்கள். பெயர்ப் பலகைகளையும் கவனியுங்கள். வெளியரங்கின் மூன்று மண்டபங்களில் சீன எழுத்து மட்டும், உள்ளரங்கில் சீனமும் சிங் அரச குலத்தின் மொழியான மஞ்சுவும், மேற்கே சிநிங் மாளிகையில் மங்கோலியமும் சேர்ந்து மூன்று. வெளியரங்கில் மஞ்சு எழுத்தை நீக்கியதும் யுவான் ஷிகாய் காலத்து வேலை என்பார்கள்.

பாவ்ஹே மண்டபத்தின் பின்புறத்துக்கு எல்லோரும் விரைந்து இறங்கிவிடுவார்கள். அங்கே படிகளின் நடுவே படுத்திருக்கும் நாகச் சிற்பக்கல் ஒரே கல்: 16.57 மீட்டர் நீளம், 3.07 மீட்டர் அகலம், 1.7 மீட்டர் தடிமன், 200 டன்னுக்கு மேல். ஃபாங்ஷான் கல்குழியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் வழியெங்கும் கிணறு வெட்டி, நீர் ஊற்றி உறையவைத்து, அந்தப் பனித்தளத்தின்மேல் சறுக்குக் கட்டையில் இழுத்தார்கள். 1557ஆம் ஆண்டு வேலை பற்றிய ஆவணம் ஒன்று, 123 டன் கல்லை இப்படி 28 நாளில் இழுத்து வந்ததைச் சொல்கிறது. ச்சியென்லோங் பேரரசர் 1761இல் மிங் காலச் செதுக்கை வழித்துவிட்டுப் புதிதாகச் செதுக்கவைத்தார். கல் மிங், நாகங்கள் சிங்.

உள்ளரங்கின் மூன்று மாளிகைகளில் ச்சியென்சிங் மாளிகையின் அரியணைக்கு மேல் தொங்கும் பலகையைப் பாருங்கள். யோங்ஜெங் பேரரசர் தம் வாரிசின் பெயரை எழுதிப் பெட்டியில் இட்டு அதன் பின்னால் வைக்கும் முறையைத் தொடங்கினார். தந்தை உயிரோடிருக்கும்போதே இளவரசர் பட்டம் கட்டி, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தின்றுகொண்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். குன்னிங் மாளிகையின் வாசல் நடுவில் இல்லாமல் கிழக்கே தள்ளியிருக்கும். மஞ்சுக்கள் 1656இல் தங்கள் ஊர் வழக்கப்படி அதை மாற்றிக் கட்டினார்கள். பேரரசியின் மாளிகை என்று பெயர், நடந்தது குலதெய்வப் பூசையும் கொப்பரையில் பன்றிக்கறி வேகவைப்பதும்.

முற்றங்களில் நிற்கும் பெரிய உலோகத் தொட்டிகள் அழகுக்கு வைத்தவை அல்ல, தீயணைக்க. மொத்தம் 308 இருந்தன. குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்க அடியில் கரி மூட்டுவார்கள், அதற்கான பொந்து கல்பீடத்தில் தெரியும். பொன் பூசிய தொட்டிகளில் காணும் கீறல்கள், 1900இல் எட்டு நாட்டுப் படைகள் நகரைப் பிடித்தபோது பொன்னைச் சுரண்டியதால் வந்தவை என்று சொல்லப்படுகிறது. மாளிகைகளுக்கும் கரிதான் வெப்பம். வராந்தா ஓரத்தில் பலகை மூடிய குழிகளில் தணல் இடுவார்கள், சூடு தரைக்கடியில் போகும். அதனால்தான் இத்தனை ஆயிரம் அங்கணங்களுக்கும் புகைபோக்கி கண்ணில் படுவதில்லை.

பக்கங்களுக்குத் திரும்புதல்

வூமென் தாண்டி, தைஹேமென் முற்றத்திலேயே முதல் முடிவை எடுக்கவேண்டும். மேற்கு வாசல் வழியே போனால் வூயிங் மண்டபம், அங்கே 2021 முதல் பீங்கான் காட்சி. கிழக்கு வாசல் வழியே போனால் வென்ஹுவா மண்டபம், ஓவியமும் எழுத்துக் கலையும். 1914இல் முதல் காட்சிக்கூடம் இயங்கியதும் இந்த இரண்டு வளாகங்களில்தான். வென்ஹுவாவுக்குப் பின்னால் கருப்பு ஓடு வேய்ந்த நூலகம், வென்யுவான். மஞ்சள் கூரைகளின் கடலுக்கு நடுவே கருப்பு ஏனென்றால், ஐம்பூதக் கணக்கில் கருப்பு நீரின் நிறம், புத்தகங்களுக்கு எதிரி நெருப்பு. அதற்காகத் தொகுத்த மாபெரும் நூல்தொகுதி இப்போது தைபேயில்.

ஓவியங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டிலும் காகிதத்திலும் தீட்டியவை வெளிச்சத்தில் சில வாரமே தாங்கும். ஒரு முறை காட்டினால் ஆண்டுக்கணக்கில் இருட்டில் வைக்கிறார்கள். ச்சிங்மிங் திருநாளில் ஆற்றோரக் காட்சி என்ற புகழ்பெற்ற நீள்சுருளை 2015இல் விரித்தபோது மக்கள் பல மணி நேரம், நள்ளிரவு வரை வரிசையில் நின்றார்கள். குறிப்பிட்ட ஓர் ஓவியத்துக்காக வருவதானால் அது காட்சியில் இருக்கிறதா என்று பார்த்தபின் விமானச் சீட்டு எடுப்பது நல்லது.

மேற்குப் பக்கம் கூட்டம் குறைவு. சிநிங் மாளிகையில் சிற்பக் காட்சி, அதை அடுத்த ஷோகாங் மாளிகையில் ச்சியென்லோங்கின் தாயார் வாழ்ந்த அறைகள் பழையபடி அமைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் 2015இல் திறந்தவை. 2014இல் வளாகத்தில் பாதிதான் திறந்திருந்தது, அடுத்த சில ஆண்டுகளில் முக்கால் பங்கு ஆனது. பழைய வழிகாட்டி நூலை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பக்கத்தையே தவறவிடுகிறார்கள். பக்கத்தில் லோங்ஜோங் வாசலின் மேல்பகுதியில், 1813 கிளர்ச்சியின்போது பாய்ந்த அம்பு முனை இன்னும் குத்தி நிற்கிறது. அந்த வாசலுக்கு வெளியே பழைய பனிக்கட்டிக் கிடங்கு இப்போது உணவகம். சாப்பாடு சுமார்தான், கோடையில் அதன் நிழல் அருமை. யோங்ஜெங் முதல் பேரரசர்கள் உண்மையில் வாழ்ந்த யாங்சின் மண்டபமும் இந்தப் பக்கம்தான். பழுதுபார்ப்புக்காகப் பல ஆண்டுகள் மூடியிருந்த இடம் என்பதால் அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும்.

கிழக்கே கருவூலக் காட்சி. பத்து யுவானை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம். இந்த வளாகத்தை ச்சியென்லோங் தம் ஓய்வுக்கால வீடாக 1771–76இல் கட்டினார். 60 ஆண்டுகள் ஆட்சி செய்து பதவியை மகனுக்குக் கொடுத்தபின்னும் அதிகாரத்தை விடவில்லை, இங்கே குடிவரவும் இல்லை. வாசலில் ஒன்பது நாகச் சுவர்: 29.4 மீட்டர் நீளம், 270 பளபளப்போடுகள். கிழக்கிலிருந்து மூன்றாவதாக இருக்கும் வெள்ளை நாகத்தின் வயிற்றில் ஒரு துண்டு மட்டும் நிறம் மங்கியிருக்கும். அது மரம். சூளையில் ஓடு உடைந்துபோக, தொழிலாளி மரத்தில் செதுக்கி வண்ணம் பூசி ஒப்பேற்றினார் என்பது வழக்கு. உள்ளே மூன்றடுக்கு நாடக மேடை, தேவர்கள் மேலிருந்து இறங்கவும் பூதங்கள் கீழிருந்து எழவும் தளங்களில் திறப்புகளோடு. லெஷோ மண்டபத்தில் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைப் பச்சைக்கல் மலை, வெள்ளத்தை அடக்கிய யூ மன்னனின் காட்சி செதுக்கியது. கோத்தான் பக்கத்து மலையில் எடுத்து, யாங்ஜோவில் செதுக்கி, 1787இல் இங்கே நிறுத்தினார்கள். அன்று வைத்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது. 1790இல் வார்த்த 16 பொன் மணிகள் வடிவத்திலும் அளவிலும் ஒன்றுபோல இருக்கும். சுருதி மாறுவது உலோகத்தின் தடிமனால்.

கிழக்கு ஆறு மாளிகைகளுக்குள் யான்சியில் ஒரு விசித்திரம்: இரும்புச் சட்டமும் வெண்கல்லுமாகப் பாதியில் நின்ற கட்டடம். அடிக்கடி எரிந்த இடத்தில், எரியாத ஒன்றாகக் கண்ணாடிச் சுவர்களுக்குள் நீர் நிரப்பி மீன் விட 1909இல் தொடங்கினார்கள். 1911 புரட்சி வந்தது, வேலை நின்றது.

வரிசைமுறையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கருவூலக் காட்சியின் நுழைவு தெற்கே, வெளியேறும் வழி வடக்கே, 1900இல் குவாங்ஷு பேரரசரின் துணைவி ஜென் உயிரிழந்த கிணற்றுக்கு அருகில். அங்கே வந்தால் ஷென்வூமென் கண்ணெதிரே. களைத்த கால் நேராக வெளியே போய்விடும், போனால் மறுநுழைவு இல்லை. ஆகவே கருவூலத்தை முதலில் வைத்தால் மேற்குப் பக்கம் போச்சு. காலை 8.30க்கு நுழைகிறவர்கள் வூயிங், தைஹே முதல் பாவ்ஹே வரை, பிறகு மேற்கு மாளிகைகள், உள்ளரங்கின் நடு அச்சு என்று போய், பிற்பகல் 2 மணிக்குள் கிழக்கே திரும்பிக் கடிகாரக் காட்சியையும் அதையடுத்துக் கருவூலத்தையும் பார்ப்பது சரியாக வரும். இரண்டும் பெருவாசலுக்கு முன்னதாகவே ஆள் விடுவதை நிறுத்திவிடும். முழுவதுக்கும் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் சீட்டுதான் கிடைத்தது என்றால் மேற்கை விட்டுவிட்டுக் கிழக்கை எடுக்கவேண்டும். இரண்டையும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மிஞ்சாது.

ஜூலை, ஆகஸ்டில் வெளியரங்கின் கல்முற்றங்களில் மரம் ஒன்றுகூட இல்லை என்பது பத்து நிமிடத்தில் உறைக்கும். ஜனவரியில் அதே முற்றத்தில் வடக்குக் காற்று. மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீனத்தின் நீண்ட விடுமுறைகள், அந்நாள்களில் சீட்டு கிடைப்பதே அரிது. நவம்பர், மார்ச் மாதங்களின் வேலை நாள்கள் கூட்டத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் நடுவே நல்ல பேரம், கட்டணமும் 40 யுவான்தான்.

வெளியேற இரண்டு வழி. ஷென்வூமென் வழியே வந்தால் எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது, மேலிருந்து மஞ்சள் கூரைகள் முழுவதும் தெரியும், ஆனால் வாசலில் வாடகைக் கார் பிடிப்பது கடினம், சில தெரு தள்ளி நடந்து பிடிக்கவேண்டும். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் தோங்ஹுவாமென் வழியே வருவது மேல். அங்கிருந்து வாங்ஃபுஜிங் கடைத்தெருவும் சுரங்க ரயில் நிலையங்களும் நடந்துபோகும் தூரம்.